உத்திர விண்மீனும் கொங்கு வானமும்

இருபத்து நான்காம் தீர்த்தங்கரராகிய வர்த்தமான மகாவீரர், சைத்திர மாதத்து வளர்பிறைத் திரயோதசியில், திங்கள் உத்திர நாளோடு கூடியிருந்த வேளையில் பிறந்தருளினார் என்பது திகம்பரர், சுவேதாம்பரர் ஆகிய இரு மரபினரும் ஒப்ப உரைக்கும் செய்தியாகும். ஆண்டுதோறும் அந்நாளின் திதியையும் நட்சத்திரத்தையும் பஞ்சாங்கம் பார்த்தே அனைவரும் அறிகின்றனர். உத்திரம் என்பது பஞ்சாங்கத்தில் அச்சாகும் பெயர் மட்டுமன்று. கண்ணாற் காணத்தக்க விண்மீன். சிம்மக் கூட்டத்தின் வாற்பகுதியில், மகத்திற்குக் கிழக்கே, வெண்மையாய் ஒளிர்வது அது. மேலைநாட்டார் அதனை டெனிபோலா என்பர். பூரமும் உத்திரமும் சேர்ந்து கட்டிலின் நான்கு கால்களைப் போல அமைந்துள்ளன என்பது பழைய வழக்கு.

ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் இரவு 11 மணியளவில் சேலத்திலோ நாமக்கல்லிலோ வெட்ட வெளியில் நின்று அண்ணாந்து நோக்குவோர்க்கு, அந்த உத்திரம் ஏறத்தாழத் தலைக்கு நேரே நிற்கும். உச்சியிலிருந்து அது விலகியிருப்பது மூன்று பாகை அளவே. மகாவீரர் பிறந்த நாள்மீன் விழாக்காலத்தில் இந்தச் சமவெளியின் உச்சி வானில் நிற்கிறது. ஆயினும் அதனை நிமிர்ந்து பார்ப்போர் மிகச் சிலர். வான்நோக்கு இன்று சிலருடைய பொழுதுபோக்காகச் சுருங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் அது துறவியரின் அன்றாடக் கடமையாகவும், புலவரின் கல்வியாகவும், நூலாசிரியரின் சான்றாகவும் விளங்கியது. அவ்வரலாற்றில் சமணத்திற்கும் கொங்கு நாட்டிற்கும் உள்ள பங்கை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புகழூர்க் கற்படுக்கை

நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூரில் காவிரிப் பாலத்தைக் கடந்தால் எதிர்க்கரையில் வேலாயுதம்பாளையம். அதனை அடுத்த ஆறுநாட்டார் மலையில், பாறை நிழலில், சமணத் துறவியர்க்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகள் உள்ளன. புகழூர்க் கல்வெட்டுகள் எனப் பெயர்பெற்ற அங்குள்ள தமிழி எழுத்துகள், யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் மூத்த அமணரைக் குறிப்பிடுகின்றன. சேரர் குடியில் இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் பெற்றபோது அவருக்காக அவ்வுறைவிடம் அமைக்கப்பட்டது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைகளை அக்கல்வெட்டு வரிசைப்படுத்துகிறது.

செங்காயபர் அப்பாறையில் இரவுகளை எவ்வாறு கழித்தார் என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. ஆயினும் சமணத் துறவியர் இரவைக் கழிக்க வேண்டிய முறையை நெறிநூல் வகுத்துள்ளது. சுவேதாம்பர ஆகமங்களுள் ஒன்றான உத்தராத்தியயன சூத்திரத்தின் இருபத்தாறாம் அத்தியயனம், பகலையும் இரவையும் நந்நான்கு பகுதிகளாகப் பிரிக்கிறது. இரவின் முதற்பகுதி நூற்பயிற்சிக்கு, இரண்டாவது தியானத்திற்கு, மூன்றாவது துயிலுக்கு, நான்காவது மீண்டும் நூற்பயிற்சிக்கு. நாழிகை வட்டிலோ மணிப்பொறியோ உடைமையாகக் கொள்ளாத துறவி, ஒரு பகுதி முடிந்து மற்றொன்று தொடங்குவதை எப்படி அறிவார்? அன்றிரவை நடத்திச் செல்லும் நாள்மீன் வானில் எவ்வளவு தொலைவு ஏறியிருக்கிறது என்று பார்த்து அறிய வேண்டும் என்பதே நூல் தரும் விடை.

பகற்பொழுதுக்கு நிழலே அளவு. ஆடித் திங்களில் இரண்டு அடி, தைத் திங்களை ஒட்டிய பௌசத்தில் நான்கு அடி, சைத்திரத்திலும் ஆசுவயுசத்திலும் மூன்று அடி என நிழலின் அளவு மாதந்தோறும் மாறுவதையும் அந்நூல் குறிக்கிறது. இவ்வளவுகள் வடநாட்டு வானத்திற்கு ஏற்றவை, தென்னாட்டில் வேறுபடும். எண்களைக் காட்டிலும் முறையே இங்குக் கருதத்தக்கது. கருவி ஏதுமின்றி, பொருள் ஏதுமின்றி, கண்ணும் பொறுமையும் கொண்டு காலத்தை அளப்பதற்கு ஒரு துறவி பழக்கப்பட்டிருந்தார்.

கூடலூர் கிழார் கண்ட எரிமீன்

புகழூர்க் கல்வெட்டிற் காணும் இரும்பொறைக் குடியைச் சேர்ந்த வேறொரு மன்னன், கோச்சேரமான் யானைக்கட்சேஎய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஐங்குறுநூற்றைத் தொகுப்பித்தவன் இவனே. தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். அப்புலவர் ஒரு பங்குனி இரவில் விண்ணிலிருந்து எரிந்து வீழ்ந்த மீன் ஒன்றைக் கண்டார். ஏழாம் நாள் மன்னன் மறைந்தான். அத்துயரத்தைப் பாடியது புறநானூற்றின் 229ஆம் பாட்டு.

எரிமீன் வீழ்ந்ததால் மன்னன் மாண்டான் என்று இன்று எவரும் கொள்ளார். விண்வெளியிலிருந்து வரும் மணலளவுத் துகள் காற்று மண்டலத்தில் நுழைந்து எரிவதே எரிமீன் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆயினும் அப்பாட்டில் அச்சத்தோடு ஒரு துல்லியமும் கலந்திருக்கிறது. பழைய உரையின் விளக்கப்படி, உச்சியில் நின்ற உத்திரம் சாய்கிறது. அதற்கு எட்டாம் மீனாகிய மூலம் எதிரே எழுகிறது. முன்னே எட்டாவதாகிய மிருகசீரிடம் மேற்றிசையில் அடைகிறது. பங்குனித் திங்கள் நள்ளிரவின் வானம் இன்றும் அவ்வாறே நிற்பதை எவரும் பார்த்து உறுதி செய்யலாம். புலவர் கொண்ட முடிவு காலத்தோடு கழிந்தது. அவர் குறித்து வைத்த காட்சியோ, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் சரிபார்க்கத் தக்கதாய் நிற்கிறது.

சர்வநந்தியின் கையொப்பம்

காட்சியைக் குறித்து வைக்கும் இப்பழக்கத்தின் சிறந்த சான்று தமிழ்நாட்டுச் சமணர் ஒருவரிடமிருந்தே கிடைக்கிறது. உலகின் அமைப்பை விரிக்கும் லோகவிபாகம் என்னும் நூலைப் பிராகிருத மொழியில் இயற்றியவர் சர்வநந்தி முனிவர். இன்று கிடைப்பது சிம்மசூரி என்பார் வடமொழியிற் செய்த வடிவம். இந்நூல் பாடலிகை என்னும் ஊரில் எழுதப்பட்டது. அவ்வூர் கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரே என அறிஞர் கருதுவர். திருநாவுக்கரசர் தருமசேனர் என்னும் பெயரோடு சமண முனிவராய் வாழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறும் பாடலிபுத்திரமும் அதுவே.

கணித வரலாற்றாசிரியர் இந்நூலைப் போற்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1310 கோடியே 72 இலட்சம் என்னும் பேரெண்ணை இந்நூல் இடமதிப்பு முறையில், சுழியங்களையும் சேர்த்து, இலக்கம் இலக்கமாகச் சொற்களால் உரைக்கிறது. காலம் உறுதியாகத் தெரிந்த நூல்களுள் சுழியத்தோடு கூடிய பதின்ம இடமதிப்பை முதன்முதலில் காட்டுவது இதுவே எனக் கருதப்படுகிறது.

அக்காலம் எவ்வாறு உறுதியாயிற்று? முனிவர் அதனை வானத்தைக் கொண்டே எழுதி வைத்தார். காஞ்சியை ஆண்ட சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 380 என்பதோடு அவர் நிற்கவில்லை. சனி உத்திராடத்திலும், வியாழன் இடபத்திலும், வளர்பிறைத் திங்கள் உத்திரத்திலும் இருந்த வேளை என்றும் குறித்தார். ஆய்வாளர் கணித்த நாள் கி.பி. 458 ஆகஸ்டு 25. சனி கதிரவனைச் சுற்றிவர ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டும், வியாழன் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டும் ஆகின்றன. இரண்டும் குறிப்பிட்ட இரு இடங்களில் ஒருங்கே நிற்பது பல்லாண்டுகளுக்கு ஒருமுறையே நேரும். ஆகவே அக்குறிப்பு ஒரு கையொப்பத்தைப் போன்றது. இன்றைய கணக்கைப் பின்னோக்கிச் செலுத்திப் பார்த்தாலும் சனியும் வியாழனும் முனிவர் சொன்ன இடங்களிலேயே நிற்கின்றன.

இங்கு ஒரு நுட்பமும் உண்டு. அந்நாளில் கதிரவனும் உத்திரத்தை ஒட்டியே இருந்தான். ஆதலால் உத்திர விண்மீனை அவ்விரவில் எவரும் கண்டிருக்க இயலாது. அமாவாசையை ஒட்டிய திங்களும் ஞாயிற்றொளியில் மறைந்திருந்தது, அல்லது மெல்லிய கீற்றாய் அந்தியில் தோன்றி மறைந்திருக்கும். சனி மாலை வானில் எளிதாகத் தெரிந்திருக்கும்; வியாழன் பின்னிரவில் தெளிவாக விளங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரிந்தவற்றோடு தெரியாததையும் கணக்கினால் அறிந்து எழுதும் பயிற்சி அக்காலச் சமணப் பள்ளியில் இருந்தது என்பது இதனால் விளங்கும்.

இரு சூரியர் என்னும் வினா

லோகவிபாகத்தைப் போற்றும்போது ஒரு வினாவை மறைத்துவிடுதல் தகாது. அந்நூலும், சூரியப் பிரக்ஞப்தி, திலோயபண்ணத்தி முதலிய பிற சமண நூல்களும், மேருவை நடுவாகக் கொண்ட தட்டையான சம்புத் தீவையும், அதனை மாறி மாறிச் சுற்றும் இரு சூரியரையும் இரு சந்திரரையும் உரைக்கின்றன. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் பஞ்சசித்தாந்திகையில் இதனை எடுத்துக்கொண்டு வினவினார். சூரியர் இருவராயின், ஒவ்வொருவரும் ஒரு சுற்று முடிக்க இரண்டு நாளாகும். ஞாயிற்றையும் வடமீனையும் இணைக்கும் கோடு ஒரே நாளில் ஒரு சுற்று முடிப்பது எங்ஙனம் என்பது அவர் கேள்வி. அக்கேள்வி சமயப் பகையினால் எழுந்ததன்று. வானத்தை நோக்கியதனால் எழுந்தது. அதற்கு வானமே விடை சொல்லிவிட்டது.

இதனால் பக்தியுடைய இளைஞர் சிலர் இன்று மனத்தடுமாற்றம் கொள்கின்றனர். பள்ளியில் பயிலும் வானியலை ஏற்றால் ஆகமத்தைத் தள்ளியதாகுமோ என்பது ஒரு சாராரின் அச்சம். ஆகமத்தைக் காக்க வேண்டுமெனில் தொலைநோக்கியை மறுக்க வேண்டுமோ என்பது மற்றொரு சாராரின் கலக்கம். இவ்விரு நிலைகளும் வேண்டாதவை. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள் சூரியரின் எண்ணிக்கையைச் சார்ந்து நிற்பவை அல்ல. கொல்லாமையின் உண்மை, நிலம் தட்டையா உருண்டையா என்பதனால் கூடுவதும் இல்லை; குறைவதும் இல்லை.

முன்னோர் இதனை அறிந்து நடந்தனர். மகேந்திர சூரி என்னும் சமண ஆசாரியர் 1370ஆம் ஆண்டில், பிரோசு ஷா துக்ளக்கின் அவையில், யந்திரராசம் என்னும் நூலை இயற்றினார். பாரசீக, அரபு நாட்டார் கையாண்ட அசுதரலாபு என்னும் விண்மீன் அளவைக் கருவியைப் பற்றி வடமொழியில் எழுந்த முதல் நூல் அது. பிற சமயத்தாரின் கருவியைக் கற்று, அதனைத் தம் நாட்டாருக்கு உரைக்க ஒரு சமணத் துறவி தயங்கவில்லை. தம் சமயத்திற்கு அதனால் இழுக்கு நேரும் என்றும் அவர் அஞ்சவில்லை. ஒரு பொருளைப் பல பக்கங்களிலிருந்தும் நோக்க வேண்டும் எனக் கூறும் அநேகாந்த நெறியில் வளர்ந்தவருக்கு இது இயல்பே.

அவினாசி முதல் காவலூர் வரை

பிற்காலத்திலும் கொங்கு வானம் அறிஞரை ஈர்த்தது. 1871 டிசம்பர் 12 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் நீலகிரி, அவினாசி, புதுக்கோட்டை வழியே யாழ்ப்பாணம் நோக்கிச் சென்றது. சென்னை வானாய்வகத்தின் போக்சன் தலைமையில் ஒரு குழு அவினாசியில் தங்கி அதனை ஆராய்ந்தது. அக்குழுவில் இருந்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த இவர், 1874இல் வெள்ளிக் கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடக்கவிருந்தபோது, பொதுமக்கள் அதனைப் புரிந்துகொள்வதற்காக ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறுநூல் வெளியிட்டார். கண்ணாற் காண்பதோடு பொருந்தும் திருக்கணித பஞ்சாங்கத்திற்காகவும் பாடுபட்டார். ‘திருக்’ என்னும் வடசொல்லுக்குப் பார்வை என்பது பொருள். கணக்கு எத்துணைப் பழமையானதாயினும், பார்வையோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதே அப்பெயரின் கருத்து.

ஊதியமின்றி, ஆர்வம் ஒன்றே காரணமாக வானை நோக்கியோரும் உண்டு. வங்கத்து யசோர் நகரின் கருவூலத்தில் எளிய பணியாற்றிய இராதா கோவிந்த சந்திரர், 1910இல் ஆலி வால்மீனைக் கண்டு ஊக்கம் பெற்றார். ஒளி மாறும் விண்மீன்களை இரவுதோறும் நோக்கி, 37,000க்கு மேற்பட்ட குறிப்புகளை அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்திற்கு அனுப்பினார். வைணு பாப்பு மாணவப் பருவத்திலேயே இத்தகைய விண்மீன்களை நோக்கி எழுதியவர். 1949இல் வால்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். பின்னாளில் அவரே சவ்வாது மலையில், சேலத்திற்கு வடகிழக்கே, காவலூர் வானாய்வகத்தை நிறுவினார். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1988இல் அங்கே கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றிற்குக் கணிதமேதை இராமானுசனின் பெயர் சூட்டப்பட்டது.

2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, கரூர் ஆகிய ஊர்களில் கதிரவன் வளையமாய்த் தோன்றியது. அச்சத்தினால் கதவடைத்திருந்தோர் பலர். முற்றத்தில் சல்லடையைப் பிடித்து, அதன் ஒவ்வொரு துளையின் கீழும் ஒரு சிறு ஒளிவளையம் தரையில் விழுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டியோரும் இருந்தனர். அச்சத்தை நீக்குவதற்கு ஒரு சல்லடை போதுமாயிருந்தது.

இன்று செய்யத்தக்கவை

வான்நோக்குக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. முதலாண்டு முழுவதும் வெறுங்கண்ணே போதும்; அடுத்து ஓர் இரட்டைக் குழல் தொலைநோக்கி; ஆர்வம் நிலைத்த பின்னரே பெருங்கருவி. விழாக்கால நள்ளிரவில் உத்திரம் உச்சியை விட்டுச் சாயும்போது, தெற்கே தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். வடநாட்டார் பலர் காணக் கிடைக்காத காட்சி அது. வடமீன் இங்கே அடிவானத்திற்கு மேல் பதினொரு பாகை அளவில் தாழ்ந்து நிற்பதைக் கண்டு, இவ்வூரின் அகலாங்கையும் அவ்வளவே என்பதை மாணவர் உணரலாம். ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்டு 22ஐ ஒட்டியும் நண்பகலில் ஞாயிறு நேர் உச்சிக்கு வருவதால், நட்ட கோலுக்குப் பக்கவாட்டில் நிழலே இராது. துறவியர் நிழலால் பொழுதளந்த முறையை விளக்க இதனினும் சிறந்த பாடம் இல்லை.

வான்நோக்குக்கு இருள் இன்றியமையாதது. நெடுஞ்சாலை விளக்குகளும் நகர்ப்புற வெளிச்சமும் சமவெளியின் வானத்தை ஆண்டுதோறும் வெளிறச் செய்கின்றன. சேலம் நகரின் நடுவில் நின்று பால்வழியைக் காண்பது இன்று அரிது. கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் ஊர்விளக்குகள் எட்டாத இடங்களில் அது இன்னும் தெரிகிறது. இரவில் விளக்கேற்றினால் அதனை நாடிவரும் சிற்றுயிர்கள் மடியும் என்று அஞ்சி, ஞாயிறு மறையுமுன் உணவை முடித்துக்கொள்வது சமணர் நோன்பு. விண்மீனைக் காண விரும்புவோரும் விளக்கை அணைக்கவே வேண்டுகின்றனர். உயிரிரக்கத்தினால் அணைக்கப்படும் விளக்கு, வானத்தையும் மீட்டுத் தருகிறது.

கோயிலைச் சார்ந்த மாடியிலோ மண்டப முற்றத்திலோ ஆண்டுக்குச் சில இரவுகள் விளக்குகளை அணைத்து, பிள்ளைகளைக் கூட்டி, ஓர் ஏட்டைத் திறந்து வைத்தல் இயலாத செயலன்று. நாள், நேரம், ஊர், வானத்தின் தெளிவு, கண்ட பொருள், நின்ற திசை ஆகிய ஆறும் அவ்வேட்டில் இடம்பெற்றால் போதும். காணாததைக் கண்டதாக எழுதாமை முதல் விதியாக வேண்டும். அது வாய்மை என்னும் விரதத்திற்கும் பயிற்சியாகும்.

சர்வநந்தியார் ஆண்டையும் ஊரையும் கோள்நிலையையும் குறித்துச் சென்றதனால், ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் அவருடைய சொல் சரிபார்க்கப்பட்டு உண்மையென ஏற்கப்படுகிறது. அவர் நம்பிய உலகப் படம் மாறியது. அவர் குறித்த வானம் மாறவில்லை. இவ்வாண்டு விழா முடிந்து வீடு திரும்பும் வழியில், ஒருகணம் நின்று தலைக்கு மேலே உத்திரத்தைத் தேடுவோர், அம்முனிவரின் ஏட்டிற்கு அடுத்த பக்கத்தைத் தொடங்கியவர் ஆவர்.